நம் தோட்டத்துக் கதையை நாமே எழுதுவோம்

பொல்பிட்டிய என்றால் மின்நிலையம் என்பார்கள். லக்சபான நீரைக் கொண்டு 1969 முதல் மின்சாரம் தரும் நிலையம் அது; தொடங்கியபோது அதன் திறன் 75 மெகாவாட். இந்த விவரத்தை யாரும் நொடியில் தேடி எடுக்கலாம். சுற்றியுள்ள தோட்டங்களின் காமன்கூத்தும், பாடசாலை தொடங்கிய வரலாறும் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

யாராவது வந்து எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை; யாரும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியாவில் நாமே எழுதலாம். அது 2003இல் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் ஏறக்குறையத் தனியாளாக எழுதினார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எழுதியவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

முகம் தெரியாதவர்கள் கூடிச் செய்யும் வேலை எப்படிக் குலையாமல் நிற்கிறது? புதிதாக வருபவருக்கு முதலில் வரவேற்புச் செய்தி கிடைக்கிறது. எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பக்க வரலாற்றில் பதிவாகும். பிழையான மாற்றத்தை உடனே நீக்கி, பக்கத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதால்தான் புதியவரையும் நம்பி எழுத விட முடிகிறது. கருத்து மாறுபட்டால் பேச்சுப் பக்கத்தில் வாதிடுகிறார்கள்; பொது விஷயம் என்றால் ‘ஆலமரத்தடி’ என்ற பக்கத்தில் கூடுகிறார்கள். ஒரே நகரை இலங்கையர் ரொறன்ரோ என்கிறார்கள், தமிழ்நாட்டார் டொராண்டோ என்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றைத் தலைப்பாக்கி, மற்றதைத் தேடுபவரையும் அதே பக்கத்துக்கு அழைத்துவரும் வழிமாற்றை அமைத்துவிடலாம்.

நமக்கு முன்னுள்ள தடை வேறு. விக்கிப்பீடியா சான்று கேட்கும். பாட்டி சொன்னார் என்பது போதாது. வெளியான ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரமோ கும்பாபிஷேக மலர்களிலும் பாடசாலை ஆண்டு மலர்களிலும் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவில் காத்துவரும் நூலகம் திட்டம் இங்கேதான் கைகொடுக்கும். மலர் அங்கே ஏறினால், கட்டுரை எழுதுபவருக்குச் சான்று கிடைத்துவிடும்.

ஓர் ஆசிரியர், உயர்தர மாணவர் இருவர், பழைய மலர்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்: ஒரு தோட்டத்துக்கு இந்த நால்வர் போதும். தேடுவது, படியெடுப்பது, எழுதுவது, சரிபார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாணவர் பிழைவிட்டால் கண்டிக்காமல் கூட இருந்து திருத்துங்கள். கண்டித்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த வரலாற்றை எழுதிவைக்கும் பொறுப்பும் நம்முடையதே. அடுத்த போயா விடுமுறையில் உங்கள் வீட்டு அலுமாரியிலுள்ள பழைய மலர் ஒன்றை எடுத்துவந்து வேலையைத் தொடங்குங்கள்.