துணிக்கு நீளம் உண்டா?

நூலகத்திலிருந்து எடுத்து வந்த பழைய கெட்டி அட்டை நூல் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? அதன் அட்டையைத் திறந்து, அட்டையும் தாள்களும் சேரும் இடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒட்டுத் தாள் கிழிந்திருந்தால், அதன் அடியில் கொசுவலை போன்ற மெல்லிய துணி ஒன்று தெரியும். நூலின் முதுகில் ஒட்டப்பட்டு, இருபுறமும் இரண்டு விரல் அகலம் நீண்டு, அட்டைகளைப் பற்றிக்கொண்டிருப்பது அந்தத் துணிதான். மல் துணி என்றும் முதுகுத் துணி என்றும் அதனைச் சொல்வார்கள்.

ஒரு நூலை நாள்தோறும் பத்து முறை திறந்து மூடினால், இருநூறு நாட்களில் அதன் முதுகு இரண்டாயிரம் முறை வளைகிறது. ஒரு தாளை ஒரே மடிப்பில் இத்தனை முறை வளைத்தால் அது இற்றுப் போகும். பசை காய்ந்து வெடிக்கும். துணி மட்டும் வளைந்து கொடுக்கிறது. கதவுக்குக் கீல் எப்படியோ, நூலுக்கு இத்துணி அப்படி.

இந்தத் துணியை வெட்டி ஒட்டுவது எளிய வேலையாகவே தோன்றும். கையால் செய்தால் எளிதுதான். ஆனால் பொறி ஒன்று நிமிடத்திற்கு 30 நூல்களுக்கு இதனைச் செய்ய வேண்டுமானால், பௌதிகம் முழுவதும் வந்து குறுக்கே நின்றுவிடுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

முத்துக் குளித்துறையின் தடித்த நூல்

பனையோலைச் சுவடிக்கு முதுகு கிடையாது. ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்தால் போதும். தாளும் அச்சும் வந்தபோதுதான் தமிழ் நூலுக்கு முதுகு முளைத்தது. இக்கதையில் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் பெரும் பங்கு உண்டு. முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். 1586-இல் வெளிவந்த அவரது ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அது அச்சிடப்பட்டதாக அறிஞர்கள் கருதுகின்றனர்.

கட்டுமானத்தின் கண்கொண்டு பார்த்தால் இவ்விரண்டும் வேறு வேறு இனம். 16 பக்கங்களை ஒரே பாரமாக மடித்து, நடுவில் ஒரு தையல் போட்டால் வேலை முடிந்தது. 600 பக்கங்களை அவ்வாறு மடிக்க முடியாது. 16 பக்கப் பாரங்களாக மடித்தால் ஏறத்தாழ 40 பாரங்கள் வரும். அவற்றை ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தைத்த முதுகு நெளியாதபடி மேலே ஏதேனும் ஒன்றை ஒட்டிப் பிணைக்கவும் வேண்டும். அக்கால ஐரோப்பியர் பழைய தோல் ஏடுகளைக் கீறி அதற்குப் பயன்படுத்தினர். பின்னாளில் அவ்விடத்தைப் பருத்தித் துணி பிடித்துக்கொண்டது. ‘காலிகோ’ என்ற பெயர் கோழிக்கோட்டிலிருந்து போனது. ‘மல்’ என்பது நம் நாட்டு மல்மல் துணியின் பெயர். கஞ்சி ஏற்றிய காலிகோவை நூலின் மேலுறையாக இடும் வழக்கம் 1820-களில் லண்டனில் பரவத் தொடங்கியது.

கை செய்யும் ஐந்து வேலைகள்

கையால் கட்டடம் செய்பவர் ஒருவரைக் கவனியுங்கள். அவர் துணியை இழுக்கிறார், அளக்கிறார், வெட்டுகிறார், பசை தடவிய முதுகில் வைக்கிறார். இவை நான்கு. ஐந்தாவதாக ஒன்றையும் அவர் செய்கிறார். வெட்டுவதற்கு முன் துணியைப் பலகைமேல் போட்டு, உள்ளங்கையால் தடவித் தளர விடுகிறார். அவரைக் கேட்டால் அதை ஒரு வேலையாகவே சொல்ல மாட்டார். ஆனால் பொறிக்குக் கற்றுக்கொடுக்க மிகக் கடினமானது இந்த ஐந்தாவது வேலைதான்.

ஏன்? ஓர் இரும்புத் தகட்டின் நீளம் 22 செ.மீ. என்றால் அது 22 செ.மீ. தான். துணி அப்படியன்று. பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து கிடப்பதே துணி. இழுத்தால் முதலில் அந்த நெளிவுகள் நிமிர்கின்றன. பிறகு நூலிழைகளே நீள்கின்றன. விட்டால் பெரும்பகுதி திரும்பச் சுருங்குகிறது. ஆகவே, ‘இத்துணியின் நீளம் எவ்வளவு?’ என்ற கேள்வி முழுமையற்றது. ‘எந்த இழுவிசையில்?’ என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு.

உருள் சிறுக்கச் சிறுக்க

பொறிக்கு வரும் துணி, ஓர் அச்சில் சுற்றிய உருளாக வருகிறது. தேவைப்படும் பட்டையின் அகலத்தை உருளிலேயே வைத்துக்கொண்டு நீளத்தைப் பொறியில் வெட்டலாம். நீளத்தை உருளில் வைத்துக்கொண்டு அகலத்தையும் வெட்டலாம். நாம் முதல் வகையையே எடுத்துக்கொள்வோம். நூலின் உயரம் 240 மி.மீ. எனவும், ஒட்ட வேண்டிய பட்டை 220 மி.மீ. நீளமும் 70 மி.மீ. அகலமும் உடையது எனவும் கொள்வோம்.

உருள் தன்போக்கில் சுழன்று துணியைக் கொட்டிவிடாமலிருக்க, அதன் அச்சில் ஒரு தடை வைக்கிறார்கள். தடையின் திருப்புத்திறன் மாறுவதில்லை. திருப்புத்திறன் என்பது இழுவிசையையும் ஆரத்தையும் பெருக்கி வருவது. உருள் நிறைந்து அதன் ஆரம் 20 செ.மீ. ஆக இருக்கையில் இழுவிசை 5 நியூட்டன் என்றால், துணி தீர்ந்து ஆரம் 5 செ.மீ. ஆகும்போது இழுவிசை 20 நியூட்டனாகிவிடும். நான்கு மடங்கு! 5 நியூட்டனில் அரை விழுக்காடும், 20 நியூட்டனில் 2 விழுக்காடும் நீளும் ஒரு துணி இதில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 220 மி.மீ. என்று வெட்டிய பட்டை, தொடக்கத்தில் ஒரு மி.மீ. அளவே சுருங்கும், கடைசியில் 4 மி.மீ.க்கு மேல் சுருங்கும். கத்தி ஒரு தவறும் செய்யவில்லை. ஆயினும் நூல்கள் வேறு வேறு நீளப் பட்டைகளோடு வெளியேறுகின்றன.

நான்கு மி.மீ. பெரிதா என்று கேட்கலாம். அலமாரியிலிருந்து நூலை எடுக்கும்போது நாம் எங்கே விரலை வைத்து இழுக்கிறோம்? முதுகின் உச்சியில். துணி எட்டாமல் போவதும் அதே உச்சியில்தான். மறுபுறம், ஒரு பட்டைக்கு ஒரு மி.மீ. கூடினாலும், ஒரு லட்சம் நூல்களில் 100 மீட்டர் துணி வீணாகும்.

தோணிக் கயிறு சொல்லும் பாடம்

இழுவிசையை அடக்குவது எப்படி? தூத்துக்குடித் துறையில் தோணி கட்டுவதைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வார்கள். கயிற்றை முளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். அலையில் ஆடும் தோணி நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வின் பிடி கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. உராய்வுக் குணகம் 0.25 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4.8 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு, மூன்று சுற்றுக்கு 111 மடங்கு. ஒருவர் 10 கிலோ எடைக்குரிய விசையால் பிடித்தால், மூன்று சுற்றுக்கு மறுமுனையில் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும்.

துறைமுகத்தில் நன்மை செய்யும் இவ்விதி, கட்டடப் பொறியில் தொல்லை செய்கிறது. துணி ஒரு தண்டைச் சுற்றி அரைவட்டம் வளைந்து போனாலே இழுவிசை ஏறத்தாழ 2.2 மடங்காகிறது. அசையாத தண்டுகள் மூன்றைக் கடந்தால் பத்து மடங்கைத் தாண்டுகிறது. எனவே துணி செல்லும் பாதையில் தண்டுகள் அசையாமல் நிற்பதற்குப் பதிலாக, துணியோடு சேர்ந்து சுழலும் உருளைகளை அமைக்கிறார்கள்.

உருள் சிறுப்பதால் வரும் மாற்றத்துக்கு இன்னும் அழகிய மருந்து ஒன்று உண்டு. உருளுக்கும் கத்திக்கும் இடையே துணியை ஒரு தூளிபோல் தொங்க விட்டு, அந்தத் தூளியில் ஓர் உருளையைக் கிடத்துகிறார்கள். தூளியின் இரு பக்கங்களும் அவ்வுருளையின் எடையைப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. உருளையின் எடை 10 நியூட்டன் என்றால், துணியில் இழுவிசை 5 நியூட்டன். உருள் பெரிதோ சிறிதோ, இந்த அளவு மாறுவதில்லை. உருளை மேலே ஏறினால் தடை தளர்கிறது. கீழே இறங்கினால் தடை இறுகுகிறது.

இத்தூளிக்கு இன்னொரு பயனும் உண்டு. கத்தி வெட்டும்போது துணி நிற்க வேண்டும். வெட்டியதும் ஓட வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள உருளை நிமிடத்திற்கு 30 முறை நிறுத்தி ஓட்ட அதன் நிலைமம் இடந்தராது. தூளியில் சேர்ந்திருக்கும் துணியே அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்கிறது. உருள் அமைதியாகச் சுழல்கிறது. இன்றைய பொறிகளில் இழுவிசையை மின்கருவிகள் அளந்து மோட்டாரை ஆள்கின்றன. கருவி புதிது, வேலை அதே வேலைதான்.

வெட்டும் கத்தி, ஏந்தும் காற்று

துணியைக் கத்தியால் மேலிருந்து அமுக்கினால் இழைகள் நழுவும், பிசிறு கிளம்பும். ஆகவே அசையாத அலகு ஒன்றும் அசையும் அலகு ஒன்றுமாக, கத்தரிக்கோல் போல வெட்டுகிறார்கள். அசையும் அலகு சற்றுச் சாய்வாக இருக்கும். அதனால் 70 மி.மீ. முழுவதும் ஒரே நொடியில் வெட்டுப்படாமல், ஓரத்திலிருந்து இழை இழையாக வெட்டுப்பட்டுக்கொண்டு போகும். சிறிய விசையே போதும். துணிக்கு ஏற்றிய கஞ்சி, இழைகள் விலகாமல் பிடித்துக்கொள்கிறது.

வெட்டிய துண்டு ஒரு கிராம் அளவே எடையுள்ளது. கத்தியை விட்டதும் அது காற்றில் படபடக்கும். ஓடிவரும் நூலின் முதுகில் அது கோணாமல் அமர வேண்டும். இதற்குச் சில பொறிகளில் கையாளும் வழி வியப்பானது. பக்கமெல்லாம் துளையிட்ட ஓர் உருளைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சுகிறார்கள். உருளை நூலின் வேகத்தில் சுழல்கிறது. துணியோ அதன்மேல் மெதுவாக ஊட்டப்படுகிறது. வெட்டுப்படும்வரை உருளை துணியின் அடியில் வழுக்கிக்கொண்டே ஓடுகிறது. வெட்டுப்பட்ட கணத்தில் பின்னிழுக்கும் விசை மறைகிறது. துண்டு உருளையோடு ஒட்டிக்கொண்டு நூலின் வேகத்தை அடைந்துவிடுகிறது. பட்டையின் நீளத்தை ஊட்டும் வேகமும், அது அமரும் இடத்தை உருளையும் தீர்மானிக்கின்றன.

உறிஞ்சல் மிகுதியாக இருக்க வேண்டியதில்லை. துணியின் பரப்பு 154 சதுர செ.மீ. வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு வேறுபாடு, அப்பரப்பில் பத்தில் ஒரு பங்கில் மட்டும் செயல்பட்டாலும், 150 கிராம் எடைக்கு ஈடான விசை கிடைக்கும். ஒரு கிராம் துண்டைப் பிடிக்க இது தாராளம். ஆனால் வலைத்துணியின் கண்கள் வழியே காற்று ஒழுகிக்கொண்டே இருக்குமாதலால், பம்பு ஓயாமல் உறிஞ்ச வேண்டும்.

கடற்காற்றின் குறுக்கீடு

இத்தனையும் சரியாக அமைந்தாலும், கடற்கரை ஊரில் இன்னொரு எதிரி உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே, பருத்தி தன் எடையில் 7 அல்லது 8 விழுக்காடு நீரை வைத்திருக்கும். ஈரம் கூடினால் கஞ்சி இளகும். துணியின் உராய்வும் நீட்சியும் மாறும். காலையில் சரிசெய்த பொறி மாலையில் வேறு அளவு காட்டும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: மழைமாதம் நெருங்கினால் குவித்த உப்பு தானே நீர்க்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைடு நீரை ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசிய உப்புகள் அதற்கும் முன்பே ஈரம் இழுக்கும். கடற்காற்றோடு வந்து துணியில் படியும் உப்பும் இதையே செய்யும். ஆகையால் துணி உருளின் மேலுறையைப் பிரித்து, பொறி இருக்கும் அறையிலேயே ஒரு நாள் வைத்திருந்து, அவ்வறையின் காற்றோடு பழக விட்டபின் ஓட்டுவது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் விற்கும் கட்டுத்துணி ஒரு முழம் வாங்குங்கள். மேசைமேல் தளர்வாக விரித்து, 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் இடுங்கள். ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் 50 கிராம், 100 கிராம், 200 கிராம் என எடைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் கோடுகளின் இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு எடையை நீக்கி அளவுங்கள். முதல் அளவுக்கே திரும்பியதா என்று பாருங்கள். அதே துணியை நனைத்து உலர்த்தி மீண்டும் செய்யுங்கள். ஒரே துணிக்கு எத்தனை நீளங்கள் கிடைக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

அளவு என்று ஒன்றைச் சொல்லும்போது, எந்த நிலையில் எடுத்த அளவு என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் வெப்பநிலையையும் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டடம் செய்பவரின் உள்ளங்கை அதனை ஏட்டில் எழுதாமலே கடைப்பிடிக்கிறது. அக்காளுக்குப் பின் தம்பியும், தம்பிக்குப் பின் ஊர் நூலகத்தில் முன்பின் அறியாத ஒருவரும் ஒரே நூலைப் படிக்க முடிகிறதென்றால், அதன் முதுகுத் துணி வெட்டுப்படும் முன் யாரோ, அல்லது ஏதோ ஒரு பொறி, அதைச் சற்றுத் தளர விட்டிருக்கிறது என்று பொருள்.