மார்சிபானின் முந்திரிச் சொந்தம்

பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் மைய அரைத்துப் பிசைந்தால் மார்சிபான். ஜெர்மனியின் லூபெக் நகரம் இதற்குப் பேர்போனது. இத்தாலியின் சிசிலித் தீவில் இதையே பழங்களாக உருட்டி, நிஜப் பழமோ என்று நினைக்கும்படி வண்ணம் தீட்டுகிறார்கள்.

கோவாவில் பாதாமின் இடத்தை முந்திரி பிடித்தது. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் அது. கோவாவில் ஈஸ்டருக்கு முந்திரி மார்சிபானில் முட்டைகள் செய்வார்கள்.

சேலம், நாமக்கல் கடைகளில் மார்சிபான் கிடைப்பது அரிது. ஆனால் காஜு கத்லி இருக்கிறதே! சர்க்கரைப் பாகில் முந்திரி மாவைக் கிளறிச் செய்யும் நெருங்கிய சொந்தம். ஆப்பிள் வடிவ முந்திரி இனிப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள், சிசிலிப் பழத்தின் சாயல் அதில் அப்படியே தெரியும்.

முந்திரி இனிப்பு நாள்பட்டால் ஓரம் காய்ந்துவிடும். புதிதாகச் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.