பாஸ் எழுந்துட்டாரா?

"செருப்பைக் கழட்டாதீங்க சார், தரையெல்லாம் ஸ்குரூ!"

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு என்.எல்.சி. குவார்ட்டர்ஸின் பின்கட்டு. வெளியே பலாமரம். உள்ளே பழைய அரசு மடிக்கணினிகள் இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்காக. எப்படியோ தொற்றிக்கொண்டு நுழைந்துவிட்டேன். வாங்க, நீங்களும் ஓரமாக நின்று பாருங்கள். அந்தத் தயிர் டப்பாவை மட்டும் தட்டிவிடாதீர்கள். தரையில் விழாமல் தப்பிய ஸ்குரூ எல்லாம் அதில்தான்.

இங்கே நடப்பது பாஸை எழுப்பும் வேலை. முதலாளி இல்லை, 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'! சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட, டெபியன் லினக்ஸ் வழிவந்த நம்மூர் இயங்குதளம். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸும் உள்ளே குடியேறினார். முதல் வருட இலக்கே 9 லட்சத்துக்கு மேல். ஆனால் ஆன் செய்ததும் வரும் பட்டியலில் அவரைத் தாண்டிக் குதித்து விண்டோஸைத் தட்டியவர்கள்தான் எத்தனை பேர்! என் அக்கா மகன் மூன்று வருஷம் வைத்திருந்தான். பாஸ் முகத்தில் ஒருநாளும் முழித்ததில்லை.

பாஸை எழுப்புகிற நம்ம ஆளுக்கு என்.எல்.சி. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்குள் ஒரு மெஷினாவது முடிக்கணுமாம். ஃபேன் போட்டால் தூசி கண்ணில், நிறுத்தினால் வியர்வை கீபோர்டில். நிறுத்தியே வைத்திருக்கிறார். பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி தூசி எடுத்துக் காட்டுகிறார்.

"மேல்மண் எடுத்தாச்சு சார். இனிமேதான் நிலக்கரி!"

அடுத்து ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் அதன் தங்க நிற ஓரத்தைத் தேய்க்கிறார். ஊதுகிறார். திரும்பவும் தேய்க்கிறார். கொலுசுக்குப் பாலிஷ் போடுகிற பொறுமை!

மெஷினின் சொந்தக்காரர், எதிர்வீட்டு அக்கா, வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மகள் பிளஸ் டூவில் வாங்கியது. இப்போது பேத்தி படம் வரைய வேண்டுமாம். பென் டிரைவ் செருகியாயிற்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஓட, எனக்கு என்னவோ தேர்வு முடிவு பார்க்கிற படபடப்பு. எழுபது சதவீதம்... எண்பது... அந்த நேரம் பார்த்துப் பேத்தியின் கால் சார்ஜர் வயரில் சிக்கியது. பேட்டரி எப்போதோ செத்துப்போனதால், திரை பொசுக்கென்று இருட்டு.

சமையல்கட்டிலிருந்து வீட்டம்மாவின் குரல்: "என்னங்க, பாஸ் ஆயிடுச்சா?"

"இல்லம்மா, அரியர்!"

மறுபடி முதலிலிருந்து. நடுவே டீ வந்தது. 2025-ல் கல்லூரி மாணவர்களுக்காக தமிழக அரசின் எல்காட் நிறுவனம் டெண்டரில் கேட்ட புது மடிக்கணினியிலும் விண்டோஸ் 11 பக்கத்தில் பாஸுக்கு இடம் உண்டு என்றேன். "பார்த்தீங்களா, பாஸுக்கு ரீ-என்ட்ரி!" என்று டம்ளரை உயர்த்தினார்.

இந்த முறை வயருக்கு அக்காவே காவல். எழுந்தேவிட்டார் பாஸ்! மெனு முழுக்கத் தமிழ். பேத்தி திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டுகிறாள்: "கு...ப்...பை..." அக்கா கைதட்டுகிறார். சரி, நானும்தான்.

மணி ஒன்றரை. சட்டையை மாட்டியபடியே பைக் சாவியைத் தேடுகிறார் நம்ம ஆள். மெஷினை மூடியாயிற்று, ஆனால் தயிர் டப்பாவில் இரண்டு ஸ்குரூ மிச்சம். எதனுடையது என்று கேட்டேன்.

"தெரியலையே சார். ஓடுதுல்ல?"