எஸ்பிஎம் முடித்தவருக்கு எஸ்எல்டிஎன்னா, இன்டர்ன்ஷிப்பா?

எஸ்பிஎம் முடித்த கையோடு கார் பட்டறையில் ‘இன்டர்ன்’ என்று சேரும் இளைஞருக்குக் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கடிதம்தான். டிப்ளோமா, பட்டப்படிப்பு மாணவருக்கு அது போதும். சான்றிதழைக் கல்லூரி தந்துவிடும். கல்லூரிக்குப் போகாதவருக்குப் பொருந்துவது, 2005இல் தொடங்கப்பட்ட எஸ்எல்டிஎன் எனும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. இதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்தில், எஞ்சியது பயிற்சி மையத்தில். தேர்ச்சி பெற்றால் மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறையின் எஸ்கேஎம் சான்றிதழ் கைக்கு வரும். மூன்றாம் நிலையை முடித்தவர் திறன் டிப்ளோமாவுக்கும் போகலாம்.

அலவன்ஸ் இடத்துக்கு இடம் மாறும். அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியல்ல. பயிற்சி என்ற பெயரில் எடுபிடி வேலை வாங்கும் இடங்களும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், எந்தத் துறையில், எந்த நிலை எஸ்கேஎம் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.