ரெண்டே சக்கரம்... ஆனாலும் விழாது! செக்வே பேலன்ஸ் ரகசியம்

பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டே சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டீன் கேமன் அறிமுகப்படுத்திய செக்வே வண்டியை வீடியோவிலாவது பார்த்திருப்பீங்க. ஸ்டாண்டும் இல்லை, மூன்றாவது சக்கரமும் இல்லை. அப்புறம் எப்படி விழாமல் நிக்குது?

நீளமான கம்பு ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்க. கம்பு முன்னால் சாய்ந்தால், உங்கள் கையும் முன்னால் ஓடும். பின்னால் சாய்ந்தால், கையும் பின்னால் வரும். செக்வே செய்வதும் இதேதான். கைக்குப் பதில் சக்கரம், கண்ணுக்குப் பதில் சென்சார்!

எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைச் சொல்வது கைரோஸ்கோப். செக்வேயில் இது மொத்தம் ஐந்து. ஆனால், கைரோஸ்கோப்பின் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, நேரம் ஆக ஆக சாய்வையே 'நேர்' என்று நினைத்துவிடும். அதைத் திருத்த, புவியீர்ப்பை வைத்துச் சாய்வைக் கண்டுபிடிக்கும் இன்னொரு சென்சாரும் உண்டு. சின்ன பேலன்சிங் ரோபோக்களில் இந்த வேலையை, உங்க போனில் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டரே பார்க்கும். அதற்கும் ஒரு வீக்னஸ்... வண்டி குலுங்கினால் குழம்பிடும். அதனால்தான் ரெண்டையும் சேர்த்தே கணக்கு போடுகிறார்கள். செக்வேயில் இந்தக் கணக்கு ஒரு விநாடிக்கு சுமார் 100 முறை நடக்கிறது.

சரி, ஓட்டுவது எப்படி? முன்னால் சாயுங்க, அவ்வளவுதான். நீங்க விழாமல் இருக்க, சக்கரம் உங்களைத் துரத்திப் பிடிக்கும். அந்தத் துரத்தல்தான் பயணம்! வேக வரம்பைத் தொட்டால், சக்கரம் ஒரு நொடி இன்னும் வேகமெடுத்து உங்களைப் பின்னால் சாய்க்கும். அப்போதுதான் வேகம் குறையும்.

இங்கேதான் கவனம் தேவை. துரத்திப் பிடிக்க மோட்டாருக்கு எப்போதும் கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கணும். பேட்டரி தீரும் நேரத்தில் சிலர் கீழே விழுந்ததால், 2003-ல் சுமார் 6,000 செக்வேக்கள் சாஃப்ட்வேரைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கப்பட்டன. சாய்வதை சென்சார் சரியாகச் சொன்னாலும், சக்கரத்தால் ஓட முடியாவிட்டால் பயனில்லை.

2020-ல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால், ஹோவர்போர்டும் இதே டெக்னிக்கில்தான் ஓடுகிறது. போனில் சார்ஜ் தீர்ந்தால் ஸ்க்ரீன் அணையும். இதில் தீர்ந்தால் விழுவது நீங்கள். 'லோ பேட்டரி' எச்சரிக்கை வந்தால், 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று ஆசைப்படாமல் இறங்கிடுங்க. ஹெல்மெட்டும் முக்கியம் மக்களே!