வெட்டிய மரமும் மூழ்கிய கப்பலும்

1873 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரித் தோட்டத்தில் ஓர் ஆஷ் மரத்தை வெட்டினார்கள். கிளை கழிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த இளம் இயேசு சபைத் துறவி ஒருவர், இதைப் பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றியதாக நாட்குறிப்பில் எழுதினார். கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ்தான் அவர். அப்போது வயது 28.

மென்மனசுக்காரரின் புலம்பல் இல்லை இது. படைப்பில் ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் வாய்க்காத தனி அமைப்பு உண்டு, அது கடவுள் இட்டது என்று அவர் நம்பினார். இடைக்கால இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸைப் படித்தது அந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்தது. அப்படிப் பார்த்தால், விழுந்த மரத்துக்கு இன்னொரு மரம் ஈடாகாது.

ஆனால் அந்தக் காலத்தில் அவர் கவிதையை ஏறக்குறைய கைவிட்டிருந்தார். 1868-ல் சபையில் சேரும்போது, துறவுக்கும் கவிதைக்கும் ஒத்துவராது என்று எழுதியவற்றை எரித்துவிட்டார். 1875 டிசம்பரில் டாய்ச்லாந்து என்ற ஜெர்மன் கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டில் மோதியது. இறந்தவர்களில், கத்தோலிக்க எதிர்ப்புச் சட்டங்களால் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ஐந்து கன்னியாஸ்திரீகளும் உண்டு. யாராவது இதைப் பற்றி எழுதினால் நன்றாயிருக்கும் என்றார், அவர் அப்போது இறையியல் படித்துவந்த வேல்ஸ் மடத்தின் அதிபர். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

வந்த கவிதை யாருக்கும் பிடிபடவில்லை. அசைகளை எண்ணாமல் அழுத்தங்களை மட்டும் எண்ணும் சந்தம். அழுத்தமில்லாத அசைகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். அங்கே படித்தபடியே கற்ற வெல்ஷ் மொழியின் மோனைப் பின்னலும் சேர்ந்துகொண்டது. சபையின் சொந்தப் பத்திரிகையே அதை வெளியிடவில்லை.

1877-ல் அதே வேல்ஸில் வல்லூறையும், புள்ளி விழுந்த மீன்களையும் பசுக்களையும் பாடினார். பாதிரியாரைக் கழற்றிவிட்டுப் புதுமைக் கவிஞரை மட்டும் எடுத்துக்கொள்ளும் விமர்சகர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்லாப் பறவையையும் ஒரே வழவழப்பான சந்தத்தில் அடைத்தால், காற்றில் நின்று திடீரெனச் சரியும் அந்த ஒரு வல்லூறு காணாமல் போகும். அதன் தனித்தன்மை கடவுளின் கையெழுத்து என்று நம்புகிறவரால் அதற்கு உடன்பட முடியாது. சந்தம் உடைந்தது அதனால்தான்.

1884-ல் கிரேக்கப் பேராசிரியராக டப்ளினுக்குப் போனார். குவியும் விடைத்தாள்கள், உடல்நலிவு, மனச்சோர்வு. அங்கே எழுதிய சானெட்டுகளில் இயற்கை ஏறக்குறைய இல்லை. கடவுள் பதில் சொல்வதில்லை; ஆனாலும் அவரிடம்தான் முறையிடுகிறார். 1889-ல் டைபாய்டில் இறந்தார்.

அவர் மதத்திலும் நடையிலும் அவ்வளவாக ஒட்டாத நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ்தான் 1918-ல் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். 750 பிரதிகள். விற்றுத் தீரப் பத்தாண்டு பிடித்தது. 1930-ல் இரண்டாம் பதிப்பு வந்தபின், இளம் கவிஞர்கள் இந்த விக்டோரியா காலத்துப் பாதிரியாரைத் தங்கள் சமகாலத்தவராகவே படித்தார்கள்.