81 மார்க் எடுத்தும் திட்டு வாங்கிய கேம்!



எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி. 100-க்கு 81 மார்க் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் அப்பா "பரவாயில்லையே" என்பார். அம்மா "மீதி 19 எங்கே போச்சு?" என்பார். மார்க் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு!

இதே கதை ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கும் நடந்திருக்கிறது. அதன் பெயர் அசாசின்ஸ் கிரீட். 2007 நவம்பரில் வெளிவந்தது. கம்ப்யூட்டருக்கு 2008 ஏப்ரலில் வந்தது. தயாரித்தது யுபிசாஃப்ட் கம்பெனியின் கனடா நாட்டு மாண்ட்ரியல் கிளை. "இவ்வளவு பழைய கேமைப் பற்றி இப்போது எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்த கேமால் எனக்கும் எங்கள் அண்ணனுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை!

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கத்திக்குத்து எல்லாம் வரும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகள் கட்டுரையை மட்டும் படியுங்கள். நானும் ஆடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.)

சண்டை வந்த கதை

அண்ணன் என்றால் என் பெரியம்மா மகன். டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். முதல் சம்பளத்தில் பெரியம்மாவுக்குப் புடவை, எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ், அவனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினான். புதுசாக வரும் பெரிய கேம் எதுவும் அதில் ஓடாது. அதனால் இந்தப் பழைய கேமைத் தள்ளுபடியில் வாங்கினான்.

முதல் நாள் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். கதை நடப்பது 1191-ஆம் வருடம். நம் வரலாற்றுப் பாடத்தில் சிலுவைப் போர் வருகிறதே, அதில் மூன்றாவது சிலுவைப் போர் நடந்த காலம். டமாஸ்கஸ், ஆக்ரே, ஜெருசலேம் என்று மூன்று நகரங்கள். கதாநாயகன் பெயர் அல்தாயிர். ஜன்னல், சாரம், செங்கல் இடுக்கு என்று கைக்கு எட்டியதைப் பிடித்து எந்தச் சுவரிலும் ஏறுகிறான். மசூதி கோபுரத்து உச்சியில் நின்று ஊரையே பார்க்கிறான். அங்கிருந்து கீழே வைக்கோல் வண்டியில் குதிக்கிறான். தெருவில் நூறு பேர் நடமாடுகிறார்கள். 2007-ல் இப்படி ஒரு கூட்டத்தை கேமில் பார்ப்பது அபூர்வமாம்.

மூன்றாம் நாள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

அல்தாயிர் மொத்தம் ஒன்பது பேரைத் தீர்த்துக்கட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரே வழிமுறைதான். ஊருக்குப் போ. உயரமான இடத்தில் ஏறிப் பார். பெஞ்சில் உட்கார்ந்து ரகசியம் கேள், அல்லது ஒருவன் பையில் இருந்து கடிதம் திருடு, அல்லது ஒருவனை அடித்து விஷயத்தைக் கறந்துகொள். அந்த ஊர்த் தோழரிடம் போய்ச் சொல். ஆளை முடி. ஓடு. மஸ்யாஃப் கோட்டைக்குத் திரும்பி வா. அடுத்த ஆள்! நடுவில் காவலர்கள் யாரையாவது மிரட்டிக்கொண்டிருப்பார்கள், காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினால் நன்றி சொல்வார்கள். எந்த ஊரில் காப்பாற்றினாலும் கேட்ட நன்றியையே திரும்பக் கேட்க வேண்டும்!

நான் ரஃப் நோட்டில் ஏறு, கேள், திருடு, அடி, ஓடு என்று எழுதி டிக் போட ஆரம்பித்தேன். நான்காவது ஆள் வந்தபோது அண்ணனிடம் நோட்டைக் காட்டி, "இது கேமா, இம்போசிஷனா? இதுக்குப் போய் சம்பளக் காசை வேஸ்ட் பண்ணிட்டியே" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "எட்டு மணி நேரம் நான் என்ன பண்றேன்னு தெரியுமா உனக்கு? பீஸை மாட்டு, கதவை மூடு, பட்டனை அழுத்து, எடு, கேஜ் வச்சுப் பாரு. மறுபடி மாட்டு. அதுதான் ஒரே மாதிரி. இங்க நான் கூரை மேல ஓடறேன்" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான். அதோடு பேச்சு நின்றது.

உலகமே இரண்டாகப் பிரிந்தது

யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள, அந்த கேம் வந்தபோது விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். மெட்டாகிரிட்டிக் என்று ஒன்று இருக்கிறது. பல பத்திரிகைகள் கொடுத்த மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போட்டுச் சொல்லும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் வந்த அசாசின்ஸ் கிரீடுக்கு அங்கே 81. "சரி, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரிந்தது.

கேம்ஸ்பாட் 10-க்கு 9 கொடுத்திருக்கிறது. யூரோகேமர் 10-க்கு 7 தான். ஒரே கேம்! நகரங்களின் அழகு, ஏறுவது, குதிப்பது, கூட்டம் இதையெல்லாம் திட்டியவர்களும் பாராட்டியிருக்கிறார்கள். செய்த வேலையையே திரும்பச் செய்ய வைக்கிறது என்பதைப் பாராட்டியவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் ஒன்றுதான். எதற்கு எவ்வளவு மார்க் என்பதில்தான் தகராறு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் 90, இன்னொருவர் 70 போட்டால் சராசரி 80. இருவருமே 80 போட்டாலும் சராசரி 80. முதலாவதில் சண்டை இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஆனால் சராசரியைப் பார்த்தால் அந்தச் சண்டை தெரியவே தெரியாது! நம் வகுப்புச் சராசரியும் இப்படித்தானே?

ஏன் பிரிந்தது?

நான் யோசித்துப் பார்த்ததில் மூன்று காரணம் தோன்றியது.

ஒன்று, நேரம். விமர்சனம் எழுதுகிறவர் கேமைச் சீக்கிரம் முடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்பது ஆளையும் ஒரே மூச்சில் முடித்தால் யாருக்குத்தான் அலுக்காது? அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து தினமும் முக்கால் மணி நேரம் ஆடுகிறான். தினம் ஒரு லட்டு இனிக்கும். ஒன்பதையும் ஒன்றாகத் தின்றால் திகட்டும்.

இரண்டு, யார் கையில் இருக்கிறது என்பது. ஆடுகிறவனுக்கு ஒவ்வொரு சுவரும் வேறு. எந்த இடுக்கில் கை வைப்பது என்று அவன்தான் முடிவு செய்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, "மறுபடி சுவர்" என்பது மட்டும்தான் தெரிந்தது.

மூன்று, எதிர்பார்ப்பு. இவ்வளவு பெரிய ஊரைக் கட்டிவிட்டார்களே, உள்ளே அதே அளவுக்கு விதவிதமான வேலைகளும் இருக்கும் என்று நினைப்பது நியாயம்தானே? பெரிய கல்யாண மண்டபத்துக்குள் போனால் இலையில் சாம்பார் சாதம் மட்டும் இருந்தது போல ஆகிவிட்டது.

ஐந்து நாளில் போட்ட வேலை!

இதற்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. அந்த கேமில் வேலை பார்த்த சார்லஸ் ராண்டல் என்ற புரோகிராமர் 2020-ல் சொன்னது. கேம் வெளியிடத் தயாராக இருந்ததாம். கம்பெனித் தலைவரின் பிள்ளை ஆடிப் பார்த்துவிட்டு, "போர் அடிக்குது, செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டதாம். உடனே சில பேரை உட்காரவைத்து, ஐந்தே நாளில் பக்க வேலைகளையெல்லாம் சேர்க்கச் சொல்லிவிட்டார்களாம்.

அப்படியானால் "ஒரே மாதிரி இருக்கு" என்று உலகமே குறை சொன்ன வேலைகளில் பல, போர் அடிக்கக் கூடாது என்று கடைசி நேரத்தில் சேர்த்தவை! ஊர் முழுக்க 420 கொடிகள் ஒளிந்திருக்கும். அத்தனையும் பொறுக்கினாலும் கதைக்குள் ஒரு பரிசும் கிடையாது. பரீட்சையில் விடை தெரியாதபோது எழுதியதையே மாற்றி மாற்றி எழுதி அடிஷனல் ஷீட் வாங்குவோமே, அது மாதிரிதான். பக்கம் நிறையும், மார்க் ஏறாது. (அனுபவத்தில் சொல்கிறேன்!)

திட்டு வீண் போகவில்லை

2009-ல் இரண்டாம் பாகம் வந்தது. இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ், வெனிஸ் நகரங்களில் எட்ஸியோ என்பவனின் கதை. இந்த முறை பணிகளை விதவிதமாக வைத்தார்கள். லியனார்டோ டாவின்சி செய்த இறக்கை இயந்திரத்தில் பறக்கும் இடம்கூட உண்டு. மெட்டாகிரிட்டிக் சராசரி 90-ஐத் தொட்டது. முதல் பாகத்தின் குறையை விமர்சகர்கள் வெளிப்படையாகச் சொன்னதும், செய்தவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பழைய வியாதி திரும்பி வந்தது. அடுத்தடுத்துப் பாகங்கள், வரைபடம் முழுக்கப் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு வேலை. 2016-ல் பெரிய பாகம் எதுவும் விடாமல் ஒரு வருடம் இடைவெளி விட்டு, 2017-ல் எகிப்துக் கதையோடு வந்தார்கள். பிறகு ஊர்கள் பெரிதாகிக்கொண்டே போயின. 2023-ல் மறுபடி பாக்தாத் என்று ஒரே ஊரோடு சின்னதாகச் சுருக்கினார்கள். நம் நாட்டுக்கும் இந்தக் கதை வந்திருக்கிறது. 2016-ல் வந்த 'குரோனிக்கிள்ஸ்: இந்தியா' 1841-ல் நடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி, சீக்கியப் பேரரசு எல்லாம் வரும். ஆனால் அது ஊர் சுற்றும் கேம் இல்லை, பக்கவாட்டில் ஓடும் சின்ன கேம்.

நேர் எதிரான ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் ஒரு சின்னக் குழு 2023-ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு அம்மாவின் கதை. இட்லி சுடுவது, புட்டு அவிப்பது, இதுதான் விளையாட்டே! ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு 2024-ல் பாஃப்டா விருது கிடைத்தது. அதற்கும் குறை சொன்னார்கள். என்ன குறை தெரியுமா? "சீக்கிரம் முடிந்துவிட்டது!" நீளமாக இருந்தாலும் திட்டு, குட்டையாக இருந்தாலும் திட்டு.

அப்படியானால் திரும்பச் செய்வது தப்பா?

இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். எங்கள் தெருப் பையன்கள் தினமும் அதே சுவரில் அதே கரிக்கோட்டு ஸ்டம்ப்பை வைத்துத்தான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒருநாளும் அலுத்ததில்லை. ஏன் என்றால் பந்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது. கணக்கில் ஒரே பயிற்சியில் பத்து கணக்கு போடுகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திருப்பம் இருந்தால் அது பயிற்சி. எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் அது இம்போசிஷன்.

அசாசின்ஸ் கிரீடில் ஏறுவது முதல் வகை. பெஞ்சில் உட்கார்ந்து ரகசியம் கேட்பது இரண்டாம் வகை. இரண்டும் ஒரே கேமில் இருந்ததால்தான் 9-ம் கிடைத்தது, 7-ம் கிடைத்தது. எனவே நான் சொன்னதும் பொய்யில்லை, அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் நான் ஒரு தப்பு செய்தேன். கேமைக் குறை சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க நின்று சம்பாதித்த காசை வேஸ்ட் என்று சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நானே போய் அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவது ஆள் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம், "நோட்டு எங்க? டிக் போடலையா?" என்று கேட்டான். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

நண்பர்களே! இனி கேமோ, சினிமாவோ, புத்தகமோ, விமர்சனம் படிக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்:

1. எதைப் பாராட்டுகிறார், எதைக் குறை சொல்கிறார்?
2. எவ்வளவு நேரத்தில், எந்த அவசரத்தில் பார்த்திருப்பார்?
3. அவருக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் ஒன்றா?

இந்தக் கட்டுரைக்கும் மார்க் போடலாம். ஆனால் காரணத்தோடு ஒரு தாளில் எழுதித் தமிழ் ஐயாவிடம் கொடுங்கள். திட்டாக இருந்தாலும் அடுத்த இதழில் ஒட்டுவோம்!



– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, மண்ணூர்பேட்டை